பூஞ்சை வித்தும் வடசென்னை ஈரமும்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையின் ஓரத்து டீக்கடைகளில் ஒரு ஜாடியில் பன் இருக்கும், இன்னொன்றில் பொறை இருக்கும். இரண்டும் மைதா, சர்க்கரை, ஈஸ்ட்டில் பிறந்தவை. ஒரே பேக்கரியிலிருந்து ஒரே வண்டியில் வந்து இறங்கியவையாகக்கூட இருக்கலாம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பன்னுக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். முதலில் வெள்ளைப் பஞ்சு படரும். மறுநாள் பஞ்சின் நுனியெல்லாம் கரும்புள்ளி வைக்கும். பக்கத்து ஜாடிப் பொறைக்கு ஒன்றும் ஆகாது. டீயில் நனைத்துத் தின்ன ஆளில்லாமல் கடைசியில் தெருநாய்க்குப் போனாலும் போகுமே தவிர, பூசணத்துக்குப் போகாது. இரண்டு ஜாடிகளும் திறந்து மூடப்படுவது ஒரே காற்றில்தான். லாரிகள் கிளப்பும் தூசியும், அந்தத் தூசியோடு மிதந்து வரும் பூஞ்சை வித்துகளும் இரண்டிலும் பாரபட்சமில்லாமல் விழுகின்றன. பன்னில் தண்ணீர் இருக்கிறது, பொறையில் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

பூஞ்சை எப்படிப் பெருகுகிறது என்று கேட்டால் பள்ளிப் புத்தகம் 'வித்துகள் மூலம்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். பதில் சரி, ஆனால் பாதிதான். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு வித்தைத் தடுப்பது எப்படி என்று தோட்டக்காரர்களும் வேளாண் துறைகளும் மருத்துவமனைகளும் நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: வித்தின் பின்னால் ஓடியவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். வித்து விழும் இடத்தைக் கவனித்தவர்களுக்கே ஏதாவது கைகூடியது.

முதலில் பன்னுக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். அடுப்பிலிருந்து இறக்கிய பன்னில் உயிருள்ள பூஞ்சை கிடையாது. வேகும்போது அதன் நடுப்பகுதி 95 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகிறது. ரொட்டிப் பூஞ்சையின் வித்து அதைத் தாங்காது. வித்து வந்து சேர்வதெல்லாம் அதற்குப் பிறகு: ஆறவைக்கும் தட்டில், அறுக்கும் கத்தியில், கட்டும் பாலிதீன் உறையில், கடை ஜாடியில். உலகெங்கும் ரொட்டியில் வரும் கறுத்த பூஞ்சையின் பெயர் ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர். அதன் ஒரு வித்து, மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. தடித்த சுவர் ஒன்று, உள்ளே சில உட்கருக்கள், கொஞ்சம் கட்டுச்சோறு. காய்ந்த நிலையில் அது மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்.

ஈரம் பட்டதும் வித்து தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. சில மணி நேரத்தில் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு முளைக்குழல் நீள்கிறது. அது கிளைவிட்டுக் கிளைவிட்டு இழைகளின் வலையாகிறது. இந்த இழைகளில் குறுக்குச் சுவர் அநேகமாக இல்லை. ஒரே நீண்ட குழாய்க்குள் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதந்து ஓடுகின்றன. அதனால்தான் அதற்கு இவ்வளவு வேகம்: அறை அறையாகக் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, குழாயை நீட்டினால் போதும். பூஞ்சைக்கு வாய் கிடையாது. இழைகள் நொதிகளை வெளியே கசியவிட்டு, மாவுச்சத்தை வெளியிலேயே செரித்து, கரைந்த சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றன. இந்தச் சமையல் முழுக்கத் தண்ணீரில்தான் நடக்க வேண்டும். காய்ந்த மாவில் நொதிக்கு நகர வழியில்லை.

ரைசோபஸுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. சில இழைகள் ரொட்டியின் மேற்பரப்பை விட்டு எழும்பி வளைந்து தாண்டி, சற்றுத் தள்ளிப் போய் இறங்கும். இறங்கிய இடத்தில் வேர் போன்ற நுண்ணிழைகளை உள்ளே விட்டு ஊன்றிக்கொள்ளும். அந்த ஊன்றிய கணுவிலிருந்து இரண்டு மூன்று காம்புகள் செங்குத்தாக மேலே கிளம்பும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு. காம்பின் நுனி உப்பிக் குமிழாகும். உட்கருக்கள் கூட்டங்கூட்டமாக அந்தக் குமிழுக்குள் ஏறும். பிறகு உள்ளே மேடான ஒரு சுவர் எழுந்து குமிழைக் காம்பிலிருந்து பிரிக்கும். அதற்கு மேலுள்ள உயிர்ப்பொருள் முழுதும் சில்லுச்சில்லாகப் பிளந்து, ஒவ்வொரு சில்லும் தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டு ஒரு வித்தாகிவிடும். ஒரு பையில் ஆயிரக்கணக்கான வித்துகள். பன்னில் நாம் பார்க்கும் கரும்புள்ளி இதுதான். முற்றியதும் பையின் மெல்லிய சுவர் நொறுங்க, உள்ளிருந்த மேடு காற்றில் மடங்கிய குடையாகத் தலைகீழாய்ச் சரிந்து விழும். அதன்மேல் ஒட்டிக்கிடந்த உலர்ந்த வித்துகளை அடுத்த மூச்சுக்காற்று அள்ளிக்கொண்டு போகும். யாரோ ஜாடி மூடியைத் திறப்பதுகூடப் போதும்.

ஆகவே கறுப்பு தெரிகிறது என்றால் அது தொடக்கம் என்று நினைக்கக் கூடாது. அறுவடை முடியும் தறுவாய். இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வெகுதூரம் போயிருக்கும். 'அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு சாப்பிடு' என்று பாட்டிமார் சொல்வதில் சிக்கனம் இருக்கிறது, உயிரியல் இல்லை. ரைசோபஸ் மட்டும் இருந்தால் பெரிய விஷம் இருக்காதுதான். ஆனால் அதோடு பச்சையும் மஞ்சளுமாகப் பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகைகளும் குடியேறியிருக்கலாம். அவற்றில் சில உண்டாக்கும் நச்சுகள், டோஸ்ட் போட்டாலும் போவதில்லை.

இவ்வளவும் பாலில்லாப் பெருக்கம். ஒரு வித்திலிருந்து வந்த வலை முழுவதும், அது தரும் லட்சக்கணக்கான வித்துகளும் மரபில் ஒன்றே. ரைசோபஸுக்குப் பால்முறைப் பெருக்கமும் உண்டு என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும்; இரண்டு இழைகள் கூடித் தடித்த கரிய கூட்டுவித்து ஒன்று உண்டாவதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் சில ரொட்டிகளில் அது வருகிறது, பல ரொட்டிகளில் வருவதே இல்லை. ஏன்? ஈரம், உணவு, வெளிச்சம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1904இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ விடை கண்டார். பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ரைசோபஸில் இரண்டு இனங்கள் உண்டு. ஆண், பெண் என்று சொல்ல வடிவத்தில் எந்த வேறுபாடும் இல்லாததால் கூட்டல், கழித்தல் என்று குறியிட்டார். கூட்டலும் கழித்தலும் சந்திக்கும் கோட்டில் மட்டுமே கூட்டுவித்துகள் வரிசையாக எழுகின்றன. ஒரே வித்திலிருந்து முளைத்த வலைக்குத் தன்னோடு தானே கூட முடியாது. எதிரினம் அருகில் இருப்பதை ஒன்று மற்றதன் வேதிச் சமிக்ஞையால் அறிகிறது என்று பின்னால் தெரிந்தது. கூட்டுவித்து வறட்சியையும் பஞ்சத்தையும் தாங்கி மாதக்கணக்கில் உறங்கும். ஆய்வகத்தில் அதை முளைக்கவைப்பது பெரும்பாடு. அவசரத்துக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை வித்துகளை வைத்திருக்கிறது இந்தப் பூஞ்சை. டீக்கடை ஜாடியில் நடப்பது அவசர வேலைதான்.

வித்தை வெளியே அனுப்பும் வழிகள் பூஞ்சைக்குப் பூஞ்சை மாறும். ரைசோபஸ் காற்றை நம்புகிறது. அதன் நெருங்கிய உறவான மியூக்கரில் பல, வித்துகளை ஈரச் சொட்டுக்குள் வைத்துத் தெறிக்கும் நீரையும் பூச்சியையும் நம்புகின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் பை கட்டுவதே இல்லை. காம்பு நுனியில் வித்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிச் சங்கிலி கோக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது பைலோபோலஸ். மாட்டுச் சாணத்தில் வளரும் இந்தச் சின்னப் பூஞ்சை, வெளிச்சம் வரும் திசைக்குக் கழுத்தைத் திருப்பி, காம்புக்குள் நீரழுத்தத்தை ஏற்றி, வித்துப்பையை முழுசாகச் சுடுகிறது. பை இரண்டு மீட்டர் வரை போகும். புறப்படும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல். சாணத்தைச் சுற்றியுள்ள புல்லை மாடு மேயாது. அந்த வட்டத்தைத் தாண்டிய புல்லில் போய் ஒட்டினால்தான் இன்னொரு மாட்டின் வயிற்றுக்குள் போய் மறுபடி சாணத்தில் வெளிவர முடியும். அதற்காகத்தான் இத்தனை பீரங்கி. சுவரொட்டியைத் தின்று வாழும் திருவொற்றியூர் மாடுகளை இந்தப் பூஞ்சை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வித்து என்று ஒன்று இருப்பதே மனிதருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1665இல் இராபர்ட் ஹூக் ஒரு புத்தகத்தின் தோல் அட்டையில் பிடித்த பூசணத்தை நுண்ணோக்கியில் பார்த்து, காம்பும் குமிழுமாக அழகாக வரைந்தார். விதை தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. 1729இல் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பியர் அந்தோனியோ மிக்கேலி, முலாம்பழத் துண்டுகளில் பூசணப் பொடியைத் தூரிகையால் தூவி, எந்தப் பூசணத்தைத் தூவினாரோ அதே பூசணம் முளைப்பதைக் காட்டினார். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பெயரும் மியூக்கர் என்ற பெயரும் அவர் நூலில்தான் அறிவியலுக்குள் வந்தன. தூவாத துண்டுகளிலும் சில நேரம் பூசணம் வருவதைக் கண்டு, வித்து காற்றில் பரவுகிறது என்று அவர் ஊகித்தது எனக்கு அந்தச் சோதனையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. பூசணம் அழுகலிலிருந்து தானே பிறக்கிறது என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1860களின் தொடக்கத்தில் லூயி பாஸ்டர் காற்றைப் பஞ்சு வழியாக வடிகட்டி, அதில் சிக்கிய வித்துகளைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகே அது ஓய்ந்தது. 1933இல் சார்லஸ் லிண்ட்பெர்க் ஆர்க்டிக் வழியாகப் பறந்தபோது, ஃபிரெட் மேயர் செய்து கொடுத்த பசைத் தகடுகளை விமானத்துக்கு வெளியே நீட்டினார். அந்தப் பனிப்பரப்புக்கு மேலேயும் பூஞ்சை வித்துகள் ஒட்டின.

ஏன் இப்படி எங்கும் இருக்கின்றன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆஸ்பர்ஜில்லஸ் வித்து மூன்று நான்கு மைக்ரான். அசையாத காற்றில் அது நொடிக்கு அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடி மொட்டைமாடியிலிருந்து விட்டால், தரை தொட ஏழெட்டு மணி நேரம் ஆகும். ரைசோபஸ் வித்து பெரியது. ஆள் உயரத்திலிருந்து விழவே அதற்குப் பத்து நிமிடம் போலத் தேவை. எண்ணூர்க் கடற்கரையில் காற்று அசையாத பத்து நிமிடம் எப்போதாவது உண்டா?

இந்தக் காற்றுக் கணக்கில் சென்னைக்கு நல்ல பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை, டி.எஸ். சதாசிவன் காலத்திலிருந்தே பூஞ்சை ஆய்வுக்குப் பெயர்போனது. அங்கே வளர்ந்த சி.வி. சுப்பிரமணியன், பைக்குள் இல்லாமல் இழை நுனியில் வித்து பிறக்கும் பூஞ்சைகளை உலக அளவில் வகைப்படுத்தியவர்களில் ஒருவர். வித்து எப்படி இருக்கிறது என்பதைவிட எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார் என்பதுதான் 1962இல் அவர் தந்த வகைப்பாட்டின் அடிப்படை: மொட்டு விட்டா, இழை துண்டு துண்டாக உடைந்தா, குழலின் வாயிலிருந்து வெளித்தள்ளப்பட்டா என்று. 1965இல் அவருக்குப் பட்நாகர் விருது கிடைத்தது. 1971இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அவருடைய பெருநூல், மண்ணிலும் மக்கிய இலையிலும் கிடைத்த இந்திய இனங்களின் பதிவேடு. அதே துறையில் பி.பி.ஆர். விட்டல் சென்னை நகரக் காற்றிலேயே பொறி வைத்துப் பூஞ்சை வித்துகளை எண்ணினார். நம் ஊர்க் காற்றில் மிகுதியாக மிதப்பவை கிளாடோஸ்போரியமும் ஆஸ்பர்ஜில்லஸ் வகைகளும். மழை பெய்து ஓய்ந்தவுடன் பை வித்துப் பூஞ்சைகளின் வித்துகள் எகிறும். ரொட்டிப் பூஞ்சையின் பங்கு இதில் சிறியதுதான். சிறிய பங்கே ஒரு பன்னுக்குத் தாராளம்.

இனி வித்தோடு போராடியவர்களின் கதைக்கு வருவோம். தமிழர் வரலாற்றையே திசைதிருப்பிய ஒரு வித்து உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைநாடு முழுக்கக் காப்பித் தோட்டம். அறுவடைக் காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து தமிழ்க் கூலியாட்கள் மன்னார் வழியாக நடந்தே போவார்கள். பழம் பறித்து முடிந்ததும் பலர் திரும்புவார்கள். 1869இல் காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாக ஒரு துருநோய் அடையாளம் காணப்பட்டு, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் பெற்றது. பத்தாண்டில் தோட்டங்கள் சரிந்தன. 1880இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளரை அனுப்பினார்கள். அவர் கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்று வித்தைச் சுமந்து வருவதை நிரூபித்தார். இலைமேல் தண்ணீர்ச் சொட்டு நின்றால் வித்து முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே புகுவதையும் படிப்படியாக வரைந்து காட்டினார்.

ஆனால் தோட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை. மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டு வைத்த பிறகு காற்றை யார் நிறுத்துவது? செம்புக் கலவையான போர்டோ மருந்து பிரான்சில் பிரபலமானது 1885இல். இலங்கைக் காப்பிக்கு அது காலம் கடந்த மருந்து. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிக்குச் சில மாதங்கள் ஆள் வேண்டும், தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் லயன்களில் நிலைத்துப்போனார்கள். மலையகத் தமிழர் என்ற சமூகம் உருவானதற்குக் கூலி, கடன், கங்காணி எனக் காரணங்கள் பல. அந்தப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துருவித்தும் இடம்பெற வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு துரு, கோதுமையுடையது. வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் கோதுமைத் துருவின் வித்துகள் பிழைப்பதில்லை. அப்படியானால் ஒவ்வோர் ஆண்டும் நோய் எங்கிருந்து திரும்பி வருகிறது? ஆக்ராக் கல்லூரியின் கே.சி. மேத்தா பல ஆண்டுகள் அலைந்து, மலைகளிலிருந்து என்று கண்டார்: வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் பழனி மலையும். குளிர்ந்த மலைச் சரிவுகளில் பருவம் தவறி நிற்கும் கோதுமையில் துரு கோடையைக் கழிக்கிறது. 1970களில் எஸ். நாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் பாதையை இன்னும் துல்லியமாக வரைந்தார்கள். நவம்பரில் வங்கக் கடலில் உருவாகும் புயல் அல்லது தாழ்வுமண்டலம் கரையேறி மத்திய இந்தியா பக்கம் நகர்ந்தால், நீலகிரியில் கிளம்பிய கருந்துரு வித்துகளை அந்தக் காற்றோட்டம் வடக்கே கொண்டுசேர்க்கிறது. அங்கே பெய்யும் மழை அவற்றைப் பயிரின்மேல் கழுவி இறக்குகிறது. சாத்தாங்காட்டில் முழங்காலளவு தண்ணீர் நிறுத்தும் அதே கார்த்திகைத் தாழ்வுமண்டலம், மத்தியப் பிரதேசத்துக் கோதுமை வயலுக்கு நோயைத் தபாலில் சேர்க்கிறது என்று இதைப் படித்தபோது ஒரு கணம் ஆடிப்போனேன்.

இந்தப் பாதை தெரிந்த பிறகு யாரும் காற்றில் மருந்தடிக்கப் புறப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம், துருவைத் தாங்கும் மரபணுக்களைக் கோதுமைக்குள் ஏற்றும் வேலையில் இறங்கியது. வித்து வரட்டும், இலையில் விழட்டும், மழைச் சொட்டில் முளைக்கட்டும். உள்ளே நுழைந்தால் பிழைக்காது. இலங்கையில் இல்லாமல்போனது இந்த வாய்ப்புதான்.

மூன்றாவது கதை நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. 2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலையின் நடுவில், 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியது. அந்த மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆம்போடெரிசின் மருந்துக்கு மக்கள் அலைந்தார்கள். கண்ணை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலையில் பலர் கண்ணை இழந்தார்கள். நோயை உண்டாக்கியவற்றில் முதன்மையானது ரைசோபஸ் அரைசஸ். பன்னில் வரும் ரைசோபஸின் உடன்பிறப்பு. அதன் இழை கறுப்பும் இல்லை. இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்வதால் சதை செத்துக் கறுக்கிறது.

வித்து எங்கிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் தேடினார்கள். ஆக்சிஜன் சிலிண்டரா, ஈரமூட்டும் குடுவையின் தண்ணீரா, திரும்பத் திரும்பப் போட்ட முகக்கவசமா என்று ஒவ்வொன்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. அந்த வித்தை நாம் அன்றாடம் மூச்சில் இழுக்கிறோம். நல்ல உடம்பின் வெள்ளணுக்கள் அதை அப்போதைக்கப்போது தின்றுவிடுகின்றன. 2021 ஜூன் 28 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்கில் நோயாளிகள் 40,845 பேர், இறந்தவர்கள் 3,129 பேர். நோயாளிகளில் 26,187 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 21,523 பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். கொரோனாவும் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்தன. இன்னொரு நுட்பமும் உண்டு. ரைசோபஸுக்கு இரும்பு தேவை. இரத்தத்தில் இரும்பை ஒரு புரதம் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. சர்க்கரை கட்டுமீறி இரத்தம் அமிலமானால் அந்தப் பிடி தளர்ந்து இரும்பு வெளியே கசிகிறது. அங்கேதான் பூஞ்சை செழிக்கிறது. இரும்புச் சந்தையில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. தகடும் கம்பியுமாக இங்கே அடுக்கியிருக்கும் இரும்பால் ரைசோபஸுக்கு ஒரு பயனும் இல்லை, அதற்கு வேண்டியது கரைந்த இரும்பு.

வடசென்னைக்குத் திரும்புவோம். காசிமேட்டில் மீனை உப்பிட்டுக் காயவைக்கும் பெண்கள், பூஞ்சை நூல் எதையும் படிக்காமலே தண்ணீரை அளந்தவர்கள். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, உயிர்களுக்கு எட்டும் தண்ணீர் எவ்வளவு என்பதே முக்கியம். சுத்த நீருக்கு ஒன்று என்று வைத்தால், ரொட்டி 0.95 அருகில் நிற்கிறது. ரைசோபஸுக்கு ஏறத்தாழ 0.93 வேண்டும், பெனிசிலியம் வகைகள் பல 0.80 வரை இறங்கி வாழும். கருவாட்டின் உப்பு, இருக்கும் தண்ணீரையும் கட்டிப்போட்டுவிடுவதால் ரைசோபஸ் அதன் பக்கமே வராது. ஆனால் அந்த உப்பையே சகித்துக்கொண்டு 0.70 அருகிலும் வளரும் வாலெமியா என்று ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் சரியாகக் காயாத கருவாட்டின்மேல் தவிட்டு நிறப் பொட்டுகள் தெரிந்தால் பெரும்பாலும் அதன் கைவரிசைதான். உப்பைக் கூட்டிப் பயனில்லை. அடுத்த வெயில் நாள்வரை காத்திருக்க வேண்டும், அல்லது உலர்த்திக்கு வழி வேண்டும்.

பேக்கரிகளில் போடும் கால்சியம் புரோப்பியோனேட் வேறு வழியில் போகிறது. உறையில் ஐ.என்.எஸ். 282 என்று அச்சிட்டிருப்பார்களே, அதுதான். அது வித்தைக் கொல்வதில்லை. முளைத்து வளர்வதைத் தாமதப்படுத்துகிறது. அதைவிட மலிவான உபாயம் பன் நன்றாக ஆறிய பிறகு கவரில் போடுவது. சுடச்சுட கட்டினால் உறையின் உள்பக்கம் வேர்த்து, அந்த வேர்வை பன்னின் மேல்தோலில் சொட்டும். தோல் நனைந்த இடத்தில் முதல் புள்ளி விழும். அவசர ஆர்டர் வரும் நாட்களில் இந்த ஒழுங்கு காற்றில் பறந்துவிடுகிறது.

மணலிப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் நிறைய உண்டு. டீசலிலும் விமான எரிபொருளிலும்கூட வளரும் பூஞ்சை இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அமோர்ஃபோதிகா ரெசினே என்று பெயர். எண்ணெய் அதற்குச் சோறு. ஆனால் எண்ணெயில் மட்டும் வாழ முடியாது. தொட்டியின் அடியில் குளிர்ந்து படியும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட கோட்டில் அது பாயாகப் படர்ந்து வடிகட்டிகளை அடைக்கும். உலகெங்கும் விமான நிலையங்களில் எரிபொருள் தொட்டியின் அடித்தண்ணீரை ஒழுங்காக வடித்துவிடச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீரை நிறுத்தின. இரண்டாவது முறை எண்ணெயும் கலந்து வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வந்த பூசணத்துக்கு நிவாரணப் படிவத்தில் இடமில்லை. செங்கல்லும் பூச்சும் உறிஞ்சிய தண்ணீர் மாதக்கணக்கில் வெளியேறும். அதுவரை பீரோவின் முதுகுப்பக்கமும் கட்டில் மெத்தையும் பாடப்புத்தகங்களும் ஆஸ்பர்ஜில்லஸுக்கும் கிளாடோஸ்போரியத்துக்கும் விளைநிலம். காற்றிலுள்ள வித்தின் செறிவு வெளியைவிட வீட்டுக்குள் கூடினால், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு முதலில் தெரியும். பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்தால் மேலே தெரியும் கறுப்பு வெளுக்கும். பூச்சுக்குள் இறங்கிய இழைக்கு ஒன்றும் ஆகாது, சுவர் ஈரமாக இருக்கும்வரை அது திரும்பத் தலைநீட்டும். ஜன்னலை ஒட்டி அடுத்த வீட்டுச் சுவரும், மேல்மாடிக் குழாயில் கசிவும் உள்ள ஒண்டுக்குடித்தனத்தில், துடைத்தால் போகும் என்று அறிவுரை சொல்வது எளிது. கசிவைச் சரிசெய்ய வேண்டியது வாடகைக்கு இருப்பவர் இல்லை.

இராயபுரத்துப் பழைய வீடுகளில் ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். புதுச் சுண்ணாம்பின் காரம் pH அளவில் 12க்கு மேல். பெரும்பாலான பூஞ்சை வித்துகள் அதில் முளைக்காது. பின்னால் வந்த எமல்ஷன் பெயிண்டில் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் செல்லுலோஸ் பொருள்கள் பூஞ்சைக்குத் தீனியாகக்கூடும்; அதனால்தான் தயாரிப்பாளர்கள் பூஞ்சைக்கொல்லியும் கலக்கிறார்கள், அதுவும் நாளடைவில் கரைந்துபோகிறது. பெயிண்ட் படலம் சுவருக்குள் மாட்டிய ஈரத்தை எளிதில் வெளியே விடுவதுமில்லை. சுண்ணாம்பு விடும். ஆனால் சுண்ணாம்பும் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் காரம் இழந்துவிடும். தையில் அடித்த வெள்ளைக்கு ஐப்பசி மழை வரும்போது அந்தக் காரம் மிச்சமிருக்காது. பூசணத்துக்காக அடிப்பதென்றால் புரட்டாசியில், சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் வாரத்தில் ஒரு கை அடிக்க வேண்டும்.